ஒரு ரைடரை வாங்கினால் ஓட்டை அடையுமா?

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் மதகுக்குக் கீழே நுரை மலைபோல எழும்பி நிற்கும். பெங்களூருவின் கழிவெல்லாம் தென்பெண்ணையில் கலந்து வந்து இங்கே மதகில் விழுந்து பொங்குகிறது. டிவிக்காரர்கள் கேமராவோடு வருவார்கள். பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி செல்போனில் படம் எடுப்பார்கள். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சி விவசாயம் செய்கிறவர் பாடு என்ன என்று கேட்க மட்டும் ஆள் குறைவு. எது உயரமாக எழும்பி நிற்கிறதோ அதற்குத்தான் கேமரா.

கபடியும் இப்படித்தான் ஆகிவிட்டது.

புரோ கபடி ஏலம் நடக்கும் நாளில் இந்தப் பக்கத்து டீக்கடை எதிலாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்து வந்த பசங்க நாலு பேர் செல்போனைச் சுற்றி நிற்பார்கள். பேச்சு ஒன்றுதான். "நமக்கு ஒரு பெரிய ரைடர் மட்டும் கெடைச்சா போதும் மச்சி, இந்த வாட்டி கப்பு தலைவாஸுக்குத்தான்." பக்கத்திலேயே பெங்களூரு புல்ஸ் ஆள் ஒருத்தன் இருப்பான் (ஓசூரில் இது சகஜம், ஒரே வீட்டில் அண்ணன் தலைவாஸ், தம்பி புல்ஸ்). அவன் சிரிப்பான். அவன் சிரிப்புக்கு காரணம் வேறு என்றாலும், சிரிக்க வேண்டிய விஷயம்தான் இது.

ஏனென்றால் தமிழ் தலைவாஸுக்கு பெரிய ரைடர் என்றைக்குமே பஞ்சம் இல்லை. பஞ்சம் வேறு இடத்தில்.

கணக்கைப் பார்க்கலாம். 2017-ல், ஐந்தாவது சீசனில், தலைவாஸ் புது அணியாக உள்ளே வந்தது. கேப்டன் அஜய் தாகூர். 2016 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஈரானிடமிருந்து ஆட்டத்தைப் பிடுங்கிக் கொடுத்த மனிதர். சாதாரண ரைடர் இல்லை. அந்த சீசனில் 200-க்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார். அணி? தன் பிரிவில் கடைசி. அடுத்த வருடம், 2018. மறுபடியும் 200-க்கு மேல். அணி? மறுபடியும் பிரிவில் கடைசி. 'ஒருத்தர் போதாது போல' என்று நினைத்தார்களோ என்னவோ, 2019-ல் 94 லட்சம் கொடுத்து ராகுல் சௌத்ரியையும் கொண்டுவந்தார்கள். லீக்கின் முதல் சூப்பர் ஸ்டார் ரைடர் அவர்தான். ஒரே அணியில் அஜய் தாகூரும் ராகுல் சௌத்ரியும்! சுவரொட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? 12 அணிகள் ஆடின. தலைவாஸ் 12-வது.

இதுக்கு மேலும் ஒருத்தருக்கு சந்தேகம் இருக்குமா? இருந்ததே! 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். அன்றைக்கு அதுதான் லீக் வரலாற்றிலேயே அதிக விலை. ஒரு அணிக்கு மொத்த ஏலப்பணமே 4.4 கோடி. ஆக, பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. மீதி உள்ளதை வைத்து மற்ற எல்லோரையும் பார்த்துக்கொள் என்று பயிற்சியாளரிடம் சொன்ன மாதிரி.

அப்புறம் நடந்ததுதான் இந்த விவாதத்தையே முடித்து வைத்திருக்க வேண்டும். 2022 அக்டோபர் 8, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம். அதுவும் புல்ஸுக்காக ஆடி அந்த ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்த பவன், முதல் தடவையாக தலைவாஸ் சட்டையில். குஜராத்துடன் ஆட்டம். முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே தூக்கிப் போனார்கள். சீசன் முழுக்க அவர் திரும்பவே இல்லை. 2.26 கோடி, சில நிமிடங்கள்.

டீக்கடை தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். "போச்சுடா, இந்த வருசமும் கடைசிதான்."

ஆனால் அந்த சீசனில்தான் தலைவாஸ் முதல் தடவையாக பிளே-ஆஃப் போனது! ஆஷன் குமார் நடு சீசனில் பயிற்சியாளராக வந்தார். சாகர் ராத்தி, சாஹில் குலியா என்று இளம் டிஃபெண்டர்கள் நின்று பிடித்தார்கள். யாருக்கும் பெயர் தெரியாத நரேந்தர் கண்டோலா என்ற பையன் முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளி எடுத்தான். அஜிங்க்யா பவார் கூட நின்று கொடுத்தார். புள்ளிப் பட்டியலில் ஐந்தாவது இடம். எலிமினேட்டரில் யு.பி.யோடு 36-36 சமன், டை-பிரேக்கில் ஜெயம். அரையிறுதியில் புனேயிடம் 37-39. இரண்டே புள்ளி. அந்த ஆட்டத்தில் தலைவாஸை வீழ்த்தியது யார்? கோடிகளில் வாங்கப்பட்ட நட்சத்திரமா? புனேயின் ரைடர் வரிசையில் மூன்றாவதாகச் சொல்லப்படும் பங்கஜ் மொஹிதே. 16 புள்ளி.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமானதும்கூட. "நரேந்தரும் ரைடர்தானே? அப்போ ரைடர்தானே காப்பாத்துனான்?" ஆமாம், ரைடர்தான். ரைடரே வேண்டாம் என்று எந்தப் பைத்தியமும் சொல்லாது. கேள்வி, ஏலப்பணத்தில் பாதியைக் கொட்டி ஒரு பெயரை வாங்குவது பற்றி. நரேந்தர் ஏலத்தில் அடித்துப் பிடித்து வாங்கிய பெயர் இல்லை. புது இளம் வீரராக எடுத்து வளர்த்த பையன்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. அடுத்த சீசனில், 2023-24ல், அதே நரேந்தரை வைத்துக்கொண்டு தலைவாஸ் ஒன்பதாவது இடம்தான். உண்மை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய ரைடர் இல்லாவிட்டால் தானாகவே ஜெயம் வந்துவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் தலைவாஸ் விட்ட அந்தப் பவன் அதே சீசனில் எங்கே இருந்தார்? தெலுங்கு டைட்டன்ஸில். விலை 2 கோடியே 60.5 லட்சம், மறுபடியும் சாதனை. 200-க்கு மேல் ரைடு புள்ளியும் எடுத்தார், கொடுத்த காசுக்குக் குறைவில்லாமல் ஆடினார். டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் ஜெயித்தது எத்தனை தெரியுமா? இரண்டு! பட்டியலில் கடைசி. ஒன்பதாவது இடத்துக்கே இவ்வளவு வருத்தம் என்றால் ஹைதராபாத்காரர்களிடம் என்ன சொல்வது?

ஏன் இப்படி ஆகிறது? அதிர்ஷ்டம் இல்லை, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. 40 நிமிடம், ஒரு ரைடுக்கு 30 நொடி. மாறி மாறித்தான் போக வேண்டும். ஆகவே மொத்த ரைடில் பாதி எதிரணியுடையது. அந்தப் பாதியில் பெரிய ரைடர் எங்கே நிற்பார்? ஏதோ ஒரு ஓரமாக, பிடிக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் (சில பேர் இடைஞ்சலாகவும்). மீதிப் பாதியிலும் எல்லா ரைடும் அவரே போக முடியாது. கூட்டிக் கழித்தால், ஒரு நட்சத்திரம் நேரடியாகத் தொடுவது ஆட்டத்தில் கால்வாசி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ரைடரைப் பிடித்துவிட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் உள்ளே வர வேண்டுமானால் அவர் அணியில் வேறு யாராவது ஒரு ஆளைத் தொட்டு வர வேண்டும், அல்லது எதிரணி ரைடரைப் பிடிக்க வேண்டும். அவரே அவரை எழுப்ப முடியாது! இரண்டாவது ரைடர் சுமார், கார்னரும் கவரும் சுமார் என்றால், 2 கோடி ரூபாய் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். எதிரணி பயிற்சியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'அவனை மட்டும் உட்கார வை, மத்ததெல்லாம் தானா விழும்.' அவ்வளவுதான் திட்டம். தலைவாஸ் பார்க்கிறவர்கள் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள்! மேட்டில் மூன்று பேர், வெளியே நட்சத்திரம், ஆல் அவுட், கூடவே இரண்டு புள்ளி எதிராளிக்கு.

இது ஓசூர்க்காரர்களுக்குப் புரியாமல் போவதுதான் ஆச்சரியம். அசோக் லேலண்டிலோ டிவிஎஸ்ஸிலோ, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் ஏதாவது ஒரு பட்டறையிலோ லைனில் நின்றவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பத்து ஸ்டேஷன் உள்ள லைனில் மூன்றாவது ஸ்டேஷனுக்கு மட்டும் புது மெஷின் போட்டால் என்ன ஆகும்? நாலாவது ஸ்டேஷன் முன்னால் பீஸ் குவியும். ஷிப்ட் முடியும்போது வண்டியில் ஏறும் எண்ணிக்கை பழைய எண்ணிக்கைதான். லைனின் வேகம் அதன் மந்தமான ஸ்டேஷனுடைய வேகம். பகல் முழுக்க இதைப் பார்த்துவிட்டு சாயங்காலம் டீக்கடைக்கு வந்து, "மூணாவது ஸ்டேஷனுக்கு இன்னும் பெரிய மெஷின் வாங்கணும் மச்சி" என்றால் எப்படி?

"பர்தீப் நர்வால்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். பாட்னா தொடர்ந்து மூன்று கோப்பை எடுத்தது. 2017-ல் பர்தீப் ஒரே சீசனில் 369 ரைடு புள்ளி, நம்ப முடியாத எண். ஆனால் அந்த அணியில் பக்கத்திலேயே மோனு கோயத் என்று ஒருவர் 190 புள்ளியை ஒட்டி எடுத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. பர்தீப் பிடிபட்டால் எழுப்ப ஆள் இருந்தது. அடுத்த சீசனில் மோனுவை ஹரியானா 1.51 கோடிக்குத் தூக்கிப் போனது. பாட்னாவில் பர்தீப் மட்டும். 2018-ல் 200-க்கு மேல் எடுத்தார், அணி பிளே-ஆஃப் போகவில்லை. 2019-ல் 302 எடுத்தார், அணி எட்டாவது. மோனுவை வாங்கிய ஹரியானா? தன் பிரிவில் கடைசி! இரண்டு பேரும் சேர்ந்து இருந்தபோது கோப்பை. பிரிந்ததும் இரண்டு பக்கமும் பூஜ்யம்.

கதை இன்னும் முடியவில்லை. 2021 ஏலத்தில் பர்தீப்பை யு.பி. 1.65 கோடிக்கு வாங்கியது. பர்தீப் இல்லாத பாட்னா அந்த சீசனில் புள்ளிப் பட்டியலில் முதலிடம். ஷாட்லூயி என்ற ஈரானிய டிஃபெண்டர் ஒரு மூலையைப் பூட்டினார், மூன்று நாலு ரைடர்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். அரையிறுதியில் எதிரே நின்றது யார்? பர்தீப்பின் யு.பி.! 38-27 என்று பாட்னா ஜெயித்தது. இந்த மாதிரி சினிமாவில் எழுதினால் ஓவர் என்பார்கள்.

சரி, பவனே 2019 ஜனவரி இறுதிப்போட்டியில் 22 புள்ளி எடுத்து புல்ஸுக்குக் கோப்பை வாங்கித் தரவில்லையா? தந்தார். அன்றைக்கு அவரோடு கேப்டன் ரோஹித் குமார் ரைடில் இருந்தார், பின்னால் மகேந்தர் சிங் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை முழுமை. அதே வருட அக்டோபரில் ஏழாவது சீசன் இறுதிப்போட்டி. பெங்கால் அணியின் பெரிய ரைடர் மணிந்தர் சிங் காயத்தால் ஆடவே இல்லை. எதிரே டெல்லியின் நவீன் குமார் 18 புள்ளி குவித்தார். கோப்பை யாருக்கு? மணிந்தர் இல்லாத பெங்காலுக்கு, 39-34.

இந்த மயக்கம் கபடிக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் அவர்கள் பாணி ஃபுட்பால் ஒன்று உண்டு, முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கம் 18 பேர். அங்கேயும் ரசிகர்களின் தீராத சண்டை, 'கோல் அருகே நிற்க இன்னும் பலமான ஒரு முன்கள வீரர் வேண்டுமா' என்பதுதான். 2013-ல் ஹாதோர்ன் அணி கோப்பை எடுத்ததும் அதன் பெரிய முன்கள வீரர் லான்ஸ் ஃபிராங்க்ளினை சிட்னி ஒன்பது வருட ஒப்பந்தத்துக்கு 1 கோடி டாலர் பேசி அழைத்துப் போனது. அடுத்த வருடமே இறுதிப்போட்டியில் இரண்டு அணிகளும் மோதின. ஃபிராங்க்ளினின் சிட்னி 63 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அவர் இல்லாத ஹாதோர்ன் 2014, 2015 இரண்டிலும் கோப்பை. சிட்னி 2014, 2016, 2022 என்று மூன்று இறுதிப்போட்டி போய் மூன்றிலும் தோற்றது. அந்த ஊர்க்காரர்களுக்கு கெலவரப்பள்ளி தெரியாது, ஆனால் நுரை தெரிந்திருக்கும்.

இப்போது வலிக்கிற இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பசங்க எங்கே கோப்பை எடுத்தார்கள்? வி. அஜித் குமார், ரைடர். 2019-ல் தலைவாஸ் சட்டையில்தான் வெளியே தெரிந்தான். தக்கவைக்கவில்லை. 2022 டிசம்பரில் ஜெய்ப்பூர் கோப்பை வென்றபோது அர்ஜுன் தேஷ்வாலுக்குப் பக்கத்தில் இரண்டாவது ரைடராக நின்றது அவன்தான். அபினேஷ் நடராஜன், கவர் டிஃபெண்டர், தமிழ்நாட்டுப் பையன். 2024 மார்ச்சில் கோப்பை எடுத்த புனே அணியின் தூண்களில் ஒருவன். அந்தப் புனே அணியில் 200 புள்ளி நட்சத்திரம் யாரும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன், கார்னர். 2016-ல் பாட்னா நாலாவது சீசன் கோப்பையை எடுத்தபோது கேப்டனே அவர்தான், நாற்பது வயதை ஒட்டி! இரண்டாவது ரைடர், கவர், கார்னர். தலைவாஸில் ஓட்டையாகக் கிடக்கும் மூன்று இடத்துக்கும் தமிழ்நாட்டிலேயே ஆள் இருந்தது. மூன்று பேரும் வேறு ஊர்களுக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்தார்கள். பெயரில் மட்டும் 'தமிழ்' வைத்திருக்கும் அணி சும்மா கைதட்டியது.

2024-ல் திருந்துவார்கள் என்று பார்த்தால், அந்த ஏலத்தின் மிக அதிக விலையான 2.15 கோடிக்கு வாங்கப்பட்ட ரைடர் சச்சின் தன்வர். வாங்கியது தலைவாஸ். (சேரலாதனைப் பயிற்சியாளர் குழுவில் சேர்த்தது மட்டும் நல்ல காரியம்.) முடிவு, ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வால் 1.405 கோடி, பவன் செராவத் மறுபடியும், இந்த முறை 59.5 லட்சத்துக்கு, கேப்டனாக. இரண்டும் சேர்ந்து சரியாக 2 கோடி, 5 கோடி ஏலப்பணத்தில். சீசன் நடுவிலேயே ஒழுங்குக் காரணம் சொல்லி பவனை அணி அனுப்பிவிட்டது, அவர் தன் மீது தவறில்லை என்றார். யார் பக்கம் நியாயமோ, அதை விட்டுவிடலாம். தேஷ்வால் தன்னால் முடிந்தவரை குவித்தார். முதல் எட்டு அணிகளுக்கு அடுத்த சுற்று. தலைவாஸ் அந்த எட்டில் இல்லை.

இதெல்லாம் முதலாளிகளின் பணம், போனால் போகட்டும் என்று விடலாமா? விட முடியாது. ஏனென்றால் மேலே நடப்பதைத்தான் கீழே காப்பி அடிக்கிறார்கள். பொங்கல் சமயத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் போய்ப் பாருங்கள். பல ஊர் அணிகளில் இப்போது ஒரு 'வெளி ஆள்' உண்டு. காசு பேசிக் கூட்டிவந்த ரைடர். பஸ் செலவு, சாப்பாடு, கையில் தனியாக. அந்தக் காசு வசூலில் வருவது. வீடு வீடாகப் போய் வாங்கியது. அந்த ஆளுக்கு இடம் கொடுக்க ஏழு பேரில் ஒருத்தன் வெளியே உட்கார வேண்டும். யார் உட்காருவான்? ஆறு மாதமாக இருட்டிய பிறகு செல்போன் வெளிச்சத்தில் கார்னரில் நின்று கணுக்கால் பிடி பழகியவன். காண்ட்ராக்ட் வேலையில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தவன். அவன் அம்மா, தங்கச்சி எல்லாம் பார்க்க வந்திருப்பார்கள். அவன் பனியன் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே குந்தியிருப்பான்.

வெளி ஆள் முதல் ஐந்து நிமிடம் அசத்துவார். விசில் பறக்கும். அப்புறம் எதிர் அணி அவரைப் பிடித்து உட்கார வைக்கும். அவரை எழுப்ப உள்ளே பிடி தெரிந்தவன் இல்லை, பிடி தெரிந்தவன் வெளியே குந்தியிருக்கிறான்.

அடுத்த வருடம் அந்தப் பையன் பழக வரமாட்டான். அவனுக்குப் பின்னால் ஏழாவது படிக்கிற பொடியன்கள் யாரும் கார்னர் நிற்க ஆசைப்படவும் மாட்டார்கள், எல்லாருக்கும் ரைடர் ஆக வேண்டும், தொடையில் தட்டிக்கொண்டு போக வேண்டும். தமிழ்நாட்டுக் கபடி என்றாலே ஒரு காலத்தில் பிடிதான். அந்தப் பிடிக்கு வாரிசு இல்லாமல் போனால் எந்த ஏலத்தில் போய் வாங்குவது?

ஆகவே டீக்கடை நண்பர்களே, அடுத்த ஏலத்தில் திரையில் ஒரு ரைடர் பெயரும் பக்கத்தில் 2 கோடியும் வந்தால் விசில் அடிக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். இடது கார்னர் யார், வலது கவர் யார், அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், முதல் ரைடர் உட்கார்ந்தால் 'டூ ஆர் டை' ரைடுக்கு யார் போவான் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அப்புறம் விசில்.

பி.கு: புல்ஸ் ரசிகர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2024-ல் 70 லட்சத்துக்கு பர்தீப் நர்வாலை வாங்கி கேப்டனாக்கி, 22 ஆட்டத்தில் இரண்டே ஜெயித்துக் கடைசியில் நின்றது உங்கள் அணிதான். ஆனால் 2025-ல் பி.சி. ரமேஷைப் பயிற்சியாளராக வைத்து, ஏலத்தில் 1.125 கோடியை யோகேஷ் தஹியா மேல் போட்டார்கள். அவர் டிஃபெண்டர். அந்த வருடம் புல்ஸ் பிளே-ஆஃப் போனது.